தோளில் நிற்கும் இளவரசிக் கவுன்

குழந்தைகளுக்கான இளவரசிக் கவுன், உடம்பை ஒட்டிய மேல்பாகமும் அதன் கீழ் வட்டமாக விரியும் பாவாடையும் சேர்ந்த உடை. தேனி, போடி, சின்னமனூர், கம்பம் பக்கத்துத் தையல் கடைகளுக்குப் பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா, மாறுவேடப் போட்டி ஆகியவற்றை ஒட்டி இந்த வேலை வருகிறது. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களில் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் சிறுமிக்கு வெள்ளையில் தைப்பதும் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

இன்றைய குழந்தைகளுக்கு இளவரசி என்றால் 1950-இல் வந்த ‘சிண்ட்ரெல்லா’, 2013-இல் வந்த ‘ஃப்ரோசன்’ படங்களின் நாயகிகள். ஆனால் சிறுபிள்ளைக்கு அரசகுல வேடம் கட்டுவது இந்தப் பக்கத்துக்குப் பழகிய வேலை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் நாடகச் சபையில் பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றார்கள். மேடை உடையின் சரிகையும் ஜிகினாவும் தூரத்துப் பார்வைக்கானவை. பிறந்தநாள் கவுனைப் பாட்டி மடியில் வைத்துத் தடவிப் பார்ப்பார். அதனால் இதன் தரத்தை உள்பக்கத்தைத் திருப்பித்தான் எடைபோட வேண்டும்.

ஐந்து வயதுக் குழந்தைக்கு மார்பும் இடுப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவு. துணியைப் பிடித்து நிறுத்த இடுப்பில் வளைவு இல்லை. நாடாவால் இறுக்கினாலும் கனமான பாவாடை கீழே இறங்கிவிடும். தமிழ்நாட்டுத் தையற்காரர்கள் இதற்கு எப்போதோ தீர்வு கண்டுவிட்டார்கள். பட்டுப்பாவாடைக்கு மேலே கையில்லாத பருத்தி ‘பாடி’ ஒன்றைச் சேர்த்து, பாவாடையின் கனம் முழுவதையும் தோளுக்கு ஏற்றினார்கள். நல்ல இளவரசிக் கவுனும் இதே வழியில்தான் நிற்கிறது. மேலே எத்தனை மினுக்கம் இருந்தாலும், தாங்குவது உள்ளிருக்கும் பருத்தி லைனிங். வீட்டில் பலமுறை துவைத்து மெதுவான பழைய பருத்திச் சேலை இதற்கு மிக ஏற்றது: இனிச் சுருங்காது, சாயம் போகாது, வெயிலில் வியர்வையை உறிஞ்சும். ஆண்டிபட்டி அருகே சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் நெய்த சேலைகள் பீரோவில் இருக்கும் வீடுகளுக்கு லைனிங் துணி தேடி அலையும் வேலை இல்லை.

பாவாடையை இரண்டு விதமாக வெட்டலாம். முழு வட்டமாக வெட்டும் அம்பிரெல்லா கட்டுக்கு, இடுப்பளவை 6.28-ஆல் வகுத்தால் உள்வட்டத்தின் ஆரம் கிடைக்கும். இடுப்பு 22 இஞ்ச் என்றால் ஆரம் மூன்றரை இஞ்ச். அதோடு 24 இஞ்ச் நீளத்தைக் கூட்டினால் இருபத்தேழரை. 44 இஞ்ச் அகலத் துணியில் முழு வட்டம் அடங்காது. இரண்டு அரைவட்டங்களாக வெட்ட மூன்று மீட்டர் வேண்டும். வெட்டியதை ஓர் இரவு தொங்கவிட்ட பிறகே ஓரம் மடிக்க வேண்டும். இழைக்குச் சாய்வாக விழுந்த இடங்கள் தானாக நீண்டு இறங்கும். அவசரத்தில் மடித்த கவுன் இரண்டாவது முறை போடும்போதே ஏறி இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அம்மாவின் பட்டுச்சேலையில் தைப்பதென்றால் வட்ட வெட்டு உதவாது. சரிகைக் கரை நேராக ஓடுவது. அதை வளைத்து வெட்டினால் கரை போய்விடும். அப்போது சுருக்கு வைத்துத் தைப்பதே முறை. இடுப்பளவைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்குத் துணி எடுத்து, பெரிய தையலில் கால் இஞ்ச் இடைவெளியில் இரண்டு வரி ஓட்டி, பாபின் நூல்களைச் சேர்த்து இழுக்க வேண்டும். ஒரு வரி மட்டும் ஓட்டினால் சுருக்கு ஒரே சீராக விழாது. இந்த உடையில் கைத்திறன் தெளிவாகத் தெரிவது இந்தச் சுருக்கில்தான்.

விரிவைத் தருவது உள்ளே வைக்கும் கேன்கேன். விறைப்பான நெட் துணியை அடுக்கடுக்காக, கீழடுக்கு மேலடுக்கைவிட ஒன்றரை மடங்கு நீளமாக இருக்கும்படி சேர்ப்பார்கள். நெட் பிசிறு விடாது, ஓரம் அடிக்க வேண்டியதில்லை. ஆனால் வெட்டிய முனை தோலைக் கீறும். குழந்தை அரைமணி நேரத்தில் உடையைக் கழற்றச் சொல்லி அழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சுருக்கிய இடுப்புத் தையலை மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே அடக்கி, லைனிங்கின் ஓரத்தை மடித்துக் கையால் எம்மிங் செய்தால் ஒரு முனையும் வயிற்றில் படாது. கேன்கேனுக்கு அடியிலும் ஒரு பருத்திப் பாவாடை வேண்டும். ஜிப்புக்கு உட்புறம் ஒரு துணிப்பட்டி வைத்தால் முதுகுத் தோல் மாட்டாது.

ஆனி, ஆடியில் மலை இடைவெளிகளின் வழியே தென்மேற்குக் காற்று தேனிப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் பாயும்; ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுவதும் அதனால்தான். அந்த மாதங்களில் வெறும் நெட் பாவாடை தலைக்கு மேல் பறக்கும். ஓரத்தில் இரண்டு இஞ்ச் சாட்டின் பட்டி வைத்துக் கனம் கொடுத்தால் அடங்கும். நெருப்பில் இன்னும் கவனம் தேவை. நைலான், பாலியஸ்டர் நெட் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கேக் மெழுகுவர்த்தி, கார்த்திகை விளக்கு அருகே இந்தக் கவுனோடு குழந்தையைத் தனியே விடக் கூடாது.

வளரும் பிள்ளைக்கு இடம்விட்டுத் தைப்பதும் இந்தக் கலையைச் சேர்ந்தது. பக்கத் தையலில் ஒரு இஞ்ச் உள்ளே விடலாம். சுருக்குப் பாவாடை என்றால், பட்டுப்பாவாடையில் செய்வது போல, கரைக்கு மேலே இரண்டு டக் பிடிக்கலாம். அடுத்த ஆண்டு ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் நீளம் சரியாகிவிடும். வட்ட வெட்டில் டக் சரியாகப் படியாது. அதற்கு அடியில் ஒரு ஃப்ரில் சேர்ப்பதே வழி.