தொடரும் துணிவும் தடுக்கும் கையும்

குத்துச்சண்டையில் கீர்த்தி பெற்றோரைப் பற்றிப் பேசுங்கால், அவர்கள் அடித்த அடிகளைக் காட்டிலும், வாங்கிய அடிகளையும் விழுந்தபின் எழுந்த திண்மையையுமே நாம் மிகுதியாகச் சிலாகிக்கிறோம். இந்த அபிமானம் எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை ஆராயாது விடுவது, மேடையேறும் இளைஞர்க்கு நாம் செய்யும் அநீதியாகும்.

முதலில் அந்தத் திண்மையின் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். வடசென்னையில் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும், பகலெல்லாம் உழைத்துக் களைத்த உடம்போடு வாத்தியார் முன் நின்று பயின்று, சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய குத்துச்சண்டைப் பரம்பரைகளின் மானத்தைத் தம் தோள்களில் தாங்கினர். சமூகம் தர மறுத்த மதிப்பை மேடையில் அடைந்தனர். அச்சத்தை அடக்கி ஆளும் அந்த வைராக்கியம் எளிதில் கைகூடுவதன்று. டோக்கியோ ஒலிம்பிக்கில், முந்தைய போட்டியிற் பட்ட காயங்களுக்கு இட்ட 13 தையல்களுடன் கால் இறுதிக்கு வந்த சதீஷ்குமார், உலகச் சாம்பியன் ஜலோலோவுக்கு எதிரே மூன்று சுற்றும் நின்று தோற்றாரெனினும், அத்தோல்வியை இழிவென்று கூறுவார் யாருமிலர். மருத்துவர் அனுமதித்த பின்னரே அவர் இறங்கினார் என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

ஆனால் குறையும் இந்தச் சிறப்பின் உள்ளேயே இருக்கிறது. வலியைக் கேளாதிருக்கப் பழகிய சித்தம், நாளடைவில் அபாயத்தையும் கேளாது போகிறது. போதும் என்று தீர்மானிக்க வேண்டிய மூளையே அடிபடும் உறுப்பாகவும் இருப்பதால், தன் நிலையை நிதானிக்கும் ஆற்றலை வீரன் முதலில் இழக்கிறான். அதற்குமேல் பரம்பரை மானமும் கூட்டத்தின் ஆரவாரமும் சேர்ந்து, நிறுத்துவதை அவமானமாக்கி விடுகின்றன. 1982 நவம்பரில் ரே மான்சினியோடு பொருதிய கொரிய வீரர் கிம் டுக் கூ, பதினான்காம் சுற்றில் வீழ்ந்து, சில நாட்களில் உயிர் நீத்தார். உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டப் போட்டிகளைப் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது அதன் பின்னரே. 1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடி நம் மக்களை மகிழ்வித்த முகமது அலி, அதே ஆண்டு அக்டோபரில், தமது 38ஆம் வயதில், லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்றுகள் அடிபட்ட பின்னரே பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீயால் மீட்கப்பட்டார். அதன் பிறகும் அவர் ஓயவில்லை. 1984இல் அவருக்கிருந்த நடுக்க நோய் உலகறியத் தெரிந்தது. அடிகளே அதற்கு முழுக் காரணம் என அறுதியிட இயலாவிடினும், அத்தனை அடிகளும் அவசியந்தானா என்னும் கேள்வி அகலவில்லை.

இவற்றுக்கு எதிரே 1975 அக்டோபர் 1இல் மணிலாவில் நிகழ்ந்ததை வைத்துப் பார்க்க வேண்டும். பதினான்கு சுற்றுகள் முடிந்து, கண்கள் வீங்கி எதிரியான அலியின் கை தெரியாத நிலையிலும், இறுதிச் சுற்றுக்கு எழ விரும்பிய ஜோ ஃபிரேசியரை, அவர் மறுப்பையும் பொருட்படுத்தாது பயிற்சியாளர் எடி ஃபட்ச் தடுத்து, போட்டியை நிறுத்தினார். உலகப் பட்டம் வெல்லும் வாய்ப்பைக் கைவிட்டு ஒரு மனிதனைக் காத்த அச்செயல், ஃபிரேசியரின் புகழை அணுவளவும் குறைக்கவில்லை.

ஆதலால் தொடரும் உரிமை வீரனுடையதாயினும், நிறுத்தும் அதிகாரம் பிறனிடத்தே இருத்தல் வேண்டும் என்பதே என் துணிபு. கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் இளைஞர்க்கு இக்கலையைக் கற்பிக்க முனைவோர் இதை முதற்கண் கருத வேண்டும். செங்குத்தான மலைப்பாதைகளில் நடந்து வளர்ந்த அம்மலைவாழ் பிள்ளைகளுக்கு மூச்சுக்கும் உறுதிக்கும் பஞ்சமில்லை. ஆனால் அம்மலையிலுள்ள வெள்ளிமலையில் தலையில் அடிபட்ட ஒருவன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைய, மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிப் பக்கம் வந்தாக வேண்டும். துணிவு அங்கே ஏற்கெனவே இருக்கிறது; கையுறைக்கு முன்னதாக அம்மலைக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள், தயங்காது போட்டியை நிறுத்தும் நடுவரும் மருத்துவருமே.