ஒளிப்படமும் தாளும்: உருத்திரபுரத்தை முன்னிறுத்திய சில விமரிசனக் குறிப்புகள்

தமிழில் ஒளிப்படக்கலை பற்றி எழுதப்பெறும் விமரிசனங்கள் பெரும்பாலும் படத்தினுள்ளே தோன்றும் காட்சியோடு நின்றுவிடுகின்றன. ஒளி, நிழல், கோணம், முகபாவம் என்பன விரிவாகப் பேசப்படும். படம் எத்தாளில், எவ்வளவிற் பதிக்கப்பெற்றது என்னும் வினாவோ அச்சகத்தாருக்கு உரியதென ஒதுக்கப்படும். ஏட்டுச்சுவடியின் சிதைவையும் அச்சின் வரவையும் நன்கறிந்த ஒரு மொழியில் இப்பராமுகம் வியப்புக்குரியது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஓலை அழியின் நூலும் அழியும் என்பதை உணர்ந்தே செயற்பட்டார். பனையோலைக்கு அளித்த கவனத்தை ஒளிப்படத் தாளுக்கு அளிக்க மறுப்பதற்குத் தக்க காரணம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

இலங்கை ஒளிப்பட வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. லயனல் வென்ற் (1900–1944) இந்நாட்டின் முதன்மையான ஒளிப்படக் கலைஞருள் ஒருவராக மதிக்கப்படுபவர். அவர் மறைந்தபின் அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. அவர் காலத்துத் தாட்பிரதிகளும், 1950இல் இலண்டனில் வெளியான தொகுதியுமே அவரை நமக்கு அறிவிக்கின்றன. ஆகவே வென்ற் என்று இன்று நாம் மதிப்பிடுவது உண்மையில் ஒரு தாட்கட்டினையே. மூலம் நெகற்றிவ்வில் உள்ளது, தாள் அதன் நகல் மாத்திரமே என்ற பொதுக்கருத்து அவரளவிற் பொருளற்றதாகிவிட்டது.

இக்கருத்தை வன்னியோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கிளிநொச்சி நகரை அடுத்துள்ள உருத்திரபுரம் பழமையான சிவன் கோயிலையும், வாய்க்காலும் வயலுமாய் விரிந்த குடியேற்ற நிலத்தையும் உடைய ஊர். இத்தகைய ஊரொன்றை ஒளிப்படத் தொடராக ஆவணப்படுத்த இன்று மாணவரும் கலைஞரும் முனைவது இயல்பே. அவர்கள் முதலிற் கமராவைப் பற்றியும் இறுதியிலே தாளைப் பற்றியும் சிந்திக்கின்றனர். இவ்வரிசை தலைகீழாதல் வேண்டும் என்பது என் துணிபு. அச்சிட்ட படத்தை யார் கையில் வைத்திருப்பர், எங்கே வைத்திருப்பர் என்பது தெளிவானாலன்றி எதைப் படமெடுப்பது என்பதுந் தெளிவாகாது.

கிளிநொச்சி நகரும் சுற்றூர்களும் 1996இலும், மீண்டும் 2008இன் இறுதியிலும் மக்களின்றி வெறிச்சோடின. இடம்பெயர்ந்தோர் சுமந்து செல்லக்கூடியவை சிலவே. திருமண அல்பம் கனமானது. கண்ணாடிச் சட்டமிட்ட படம் உடையக்கூடியது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் என்பவற்றோடு ஒரு பொலித்தீன் பையினுள் அடங்கிய தபாலட்டை அளவுப் படமோ கடவுச்சீட்டு அளவுப் படமோ பிழைத்திருக்க இடமுண்டு. இங்கு அளவே விதியைத் தீர்மானித்தது. கலைத் தகுதிக்கு அதிற் பங்கிருக்கவில்லை.

2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டம் ஒன்றைத் தொடங்கினர். அது ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அங்கே தாய்மார் ஏந்தியிருந்த படங்களை ஒளிப்பட விமரிசகன் கூர்ந்து நோக்குதல் தகும். பல மிகச் சிறிய மூலங்களிலிருந்து பெருப்பிக்கப்பட்டவை; ஆதலால் முகத்தின் விளிம்புகள் கரைந்திருக்கும். மடியில் வைக்கவும் மார்போடு அணைத்து நிற்கவும் ஏற்ற அளவின. மழைக்கும் வெயிலுக்கும் வியர்த்த கைக்குமாக லமினேற் செய்யப்பட்டவை. பல முகங்களை ஒருங்கே காட்ட வேண்டியவிடத்துப் பிளாஸ்ரிக் பனர் பயன்பட்டது. ஒரு தாய்க்கு ஒரு முகம் என்ற நிலையில் அது கையடக்கமான தாளாகவே இருந்தது. இவ்வடிவத்தை எந்தக் கலைக்கூடமும் வகுத்துக் கொடுக்கவில்லை. தெருவோரத்தில், நீண்ட காத்திருப்பில், தேவையே அதனை வகுத்தது. தாளையும் அளவையும் தேர்தல் என்னும் பிரச்சினைக்கு அம்மக்கள் கண்ட விடையாக இதனைக் கொள்ளலாம்.

கண்காட்சிக்கென இவ்விடயங்களைப் படமெடுப்போர் வேறொரு விடையை வைத்திருக்கின்றனர். பருத்தித் தாள், மூன்றடி நான்கடி அகலம், வெண்சுவர். அதிற் குறைகாண்பதற்கு முன் வேறொரு நாட்டின் அனுபவத்தை எண்ணிப் பார்க்கலாம். மாலி நாட்டின் தலைநகரான பமாக்கோவில் 1948இற் படப்பிடிப்பு நிலையம் திறந்த செய்டு கெயிற்றா, தம்மிடம் வந்தோருக்குப் பெரும்பாலும் நெகற்றிவ்வின் அளவிலேயே, 13க்கு 18 சென்ரிமீற்றராகத் தாட்பிரதி செய்து கொடுத்தார். அவை வீட்டுக்கும் உறவினருக்கும் உரியவை. 1990களில் அதே நெகற்றிவ்கள் ஐரோப்பியக் கூடங்களுக்கென ஆளுயரத்தை நெருங்கும் அளவில், கருமையும் வெண்மையும் முனைப்பாகத் தோன்றும்படி அச்சிடப்பட்டன. கெயிற்றா உலகப் புகழ் பெற்றார். அதனை இழிவாகக் கூறுவதற்கில்லை. ஆயின் உறவினருக்கெனப் புன்னகைத்தவர் அந்நியருக்குக் காட்சிப்பொருளானார். நெகற்றிவ்வில் ஒரு கோடேனும் மாறவில்லை. மாறியவை தாளும் அளவும் பதிப்பின் தொனியுமே.

பெரிய பதிப்பு எக்காலும் ஆகாது என்பது என் வாதமன்று. இரணைமடுவின் நீர்ப்பரப்பையும் அறுவடை முடிந்த வயல்வெளியையும் தபாலட்டையில் அடக்கின் அவை தம் விரிவை இழக்கும். முகங்களுக்கோ அவ்விரிவு வேண்டியதில்லை. ஒரே தொடரின் எல்லாப் படங்களும் ஒரே அளவினவாதல் வேண்டும் என்ற வழக்கு அச்சகத்தின் வசதிக்காக எழுந்தது என்றே எண்ணுகிறேன்.

இனித் தாளின் இயல்பு. வன்னியின் நீண்ட கோடையும் மாரியின் ஈரமும் ஒளிப்படத்துக்கு ஒத்தவை அல்ல. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 65ஐத் தாண்டி நீடிப்பின் ஜெலற்றின் படலத்திற் பூஞ்சணம் பிடிக்கும். பளபளப்பான படத்தைக் கண்ணாடியோடு ஒட்டச் சட்டமிட்டால், மாரியில் இரண்டும் பிணைந்துவிடும். பிரிக்க முயன்றால் முகம் கண்ணாடியோடு போய்விடும். இடையே அட்டை விளிம்பொன்று வைத்தால் இக்கேடு இல்லை. பசை பூசிய பக்கங்களையுடைய அல்பங்கள் படத்தை மஞ்சளாக்குகின்றன. இருட்டறையிற் பயன்படும் தாள்களுள் பிளாஸ்ரிக் மேற்பூச்சுடைய தாளைச் சில நிமிடங்களிற் கழுவி முடிக்கலாம். நார்த்தாளுக்கு ஒரு மணிநேரம் வரை ஓடும் நீர் வேண்டும். கிணறு வற்றும் மாதங்களில் இவ்வேறுபாடு அற்பமானதன்று. எனினும் நன்கு கழுவப்பட்ட கறுப்பு வெள்ளை நார்த்தாள் மிக நீண்டகாலம் நிலைக்கும். ஸ்ரூடியோக்களில் முன்பு வழங்கிய வண்ணத்தாளின் சாயம் இருட்டினுட் கிடப்பினும் வெளிறும். இன்றைய மைத்தெளிப்புப் பதிப்பில் நிறமி மை சாய மையிலும் உறுதியானது, விலையும் கூடியது. இருட்டறைகள் அருகிவிட்ட நிலையில், பருத்தித் தாளில் நிறமி மையாற் செய்யும் சிறுபதிப்பே பலருக்கும் இயலக்கூடியது. அதன் மேற்பரப்பு எளிதிற் கீறுபடும் என்பதையும் மறத்தலாகாது.

நூல் வடிவத்தை நாடுவோருக்குத் தா. சனாதனனின் ‘முடிவுறாத் தோம்பு’ (2011) பயிலத்தக்க முன்மாதிரி. அது ஒளிப்படத் தொகுதியன்று. இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைய, அதன்மேல் எழுந்த ஆக்கம். காணிப் பதிவேட்டின் பெயரையே தாங்கி, அரச ஆவணத்தின் வடிவத்தைக் கைக்கொண்டமையால், உரிமை பற்றிய வினாவை அந்நூல் வடிவாலேயே எழுப்புகிறது. வழவழப்பான வரவேற்பறைப் புத்தகமாக அது வந்திருப்பின் அவ்வினா ஒலித்திராது.

உருத்திரபுரத்திற் படமெடுப்போர் ஒவ்வொரு வீட்டுக்கும் தபாலட்டை அளவிற் பிரதியொன்றை முதலிற் கொடுத்தல் வேண்டும். கண்காட்சி பின்னர் வரட்டும். இவ்விடத்து இன்னுமொரு சிறு நுட்பம் நினைவிற் கொள்ளற்பாலது. நார்த்தாளின் பின்புறமும் பருத்தித் தாளின் பின்புறமும் பென்சிலை ஏற்கும். பெயர், ஊர், ஆண்டு என்பவற்றை அங்கே எழுதலாம். பிளாஸ்ரிக் மேற்பூச்சுத் தாளிற் பென்சில் எளிதிற் பதியாது. பேனை மையோ உலராமல் அடுத்த படத்தின் முகத்தில் அப்பிக்கொள்ளும். லமினேற் செய்த தாளின் பின்புறத்தில் எதனையும் எழுதவியலாது. உறையிடுமுன்னரே எழுதிவிடல் வேண்டும்.