துன்பக்கேணியின் இரண்டாம் பாகம்

வானம் பொய்த்தால் வயிறும் பொய்க்கும் வறண்ட நாடு அருப்புக்கோட்டை–திருச்சுழிச் சீமை. கங்காணியின் முன்பணத்தை நம்பி, மண்டபம் முகாம் கடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டம் புகுந்தோரில் இராமநாதபுரத்தார் பலர். அத்தகையோர் துயரைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் தீட்டினார். 1948-இல் அவர் மறைந்தார். அவ்வாண்டே பிறந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தை, அக்கதையின் கொடிய இரண்டாம் பாகமென்றே நாம் படிக்கிறோம்.

தந்தை இலங்கையில் பிறந்தாரா? இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்தனரா? சான்று எங்கே? இதுவே சட்டத்தின் நடை! பாட்டன் பட்ட கடனுக்குத் துண்டுச்சீட்டு உண்டு. பாட்டன் பிறந்ததற்குச் சீட்டு ஏது?

1949-ஆம் ஆண்டுச் சட்டம் கதவைச் சற்றே திறந்தது. மணமானோர்க்கு ஏழாண்டு, மணமாகாதோர்க்குப் பத்தாண்டு இடையறா வாழ்வு வேண்டுமாம். நோயுற்ற தாயைக் காணத் திருச்சுழி வந்து ஓராண்டுக்குமேல் தங்கியவன் கதி? தொடர் அறுந்தது!

1964-இல் சாஸ்திரி–சிறிமாவோ உடன்பாடு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. மக்களா அவர்கள், மூட்டைகளா?

பாட்டன் இந்தியாவில் பிறந்தவன் என்று அங்கே தள்ளினர். 1983-க்குப் பின் படகேறி வந்த அவன் பேரனை, உரிய தாளின்றி நுழைந்தவன் என்று இங்கே முகாமில் வைத்தனர். 2019-ஆம் ஆண்டின் இந்தியத் திருத்தமும் மூன்று நாடுகளை எண்ணிற்று, இலங்கையை எண்ணவில்லை. திருச்சுழியில் பிறந்த பாட்டன் எந்நாட்டுக்குத்தான் சான்று?