திங்கட்கிழமையைக் காட்டாத படம்

ஜான் ஹியூஸின் 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' (1985) பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: ஒட்டவே ஒட்டாத ஐந்து பேர் ஒரே நாளில் நண்பர்களாகிவிடும் படம். எனக்கென்னவோ படம் அவ்வளவு லேசாக அதைச் சொல்லவில்லை என்றே படுகிறது.

இல்லினாய்ஸில் ஷெர்மர் என்றொரு கற்பனை ஊர். 1984 மார்ச் 24, சனிக்கிழமை. தண்டனைக்காகப் பள்ளி நூலகத்துக்கு வருகிறார்கள் பணக்கார வீட்டுக் கிளேர், மல்யுத்தம் செய்யும் ஆண்ட்ரூ, படிப்பாளி பிரையன், ரவுடி என்று பேரெடுத்த பென்டர், யாரோடும் பேசாத அலிசன். 'நான் யார்' என்று ஆயிரம் வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டுப் போகிறார் துணைத் தலைமையாசிரியர் வெர்னன்.

மதியத்துக்கு மேல் தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்களே, அந்தக் காட்சிதான் படத்தின் உயிர். கைத்தொழில் வகுப்பில் பிரையன் செய்த யானை விளக்கு எரியவில்லை. ஃபெயில். சுலபமாக மார்க் வாங்கலாம், மக்குகள் எடுக்கிற பாடம்தானே என்று நினைத்துச் சேர்ந்தவன் அவன். பென்டரும் அதே பாடம் எடுப்பவன், அவனுக்குச் சுருக்கென்கிறது. படிப்பாளிக்கும் ஒரு திமிர் உண்டு என்பதைப் படம் மறைக்கவில்லை. அந்த ஒரு தோல்விக்காகச் சாவதைப் பற்றி யோசித்த பிரையனின் லாக்கரில் துப்பாக்கி கிடைத்திருக்கிறது. அது வெறும் தீப்பொறித் துப்பாக்கி, லாக்கருக்குள்ளேயே வெடித்துவிட்டது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது, அவனுக்கும்தான். ஐந்து பேரும் உண்மையாகவே ஒன்றாக இருப்பது அந்தச் சிரிப்பில்தான்.

ஆனால் அதற்கு முன்பே பிரையன் கேட்டுவிட்டான்: திங்கட்கிழமை நாம என்ன ஆவோம்? கிளேர் மழுப்பவில்லை. நண்பர்களாக இருக்க மாட்டோம் என்கிறாள். எல்லோரும் அவள்மேல் பாய்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் அவளைத்தான் பிடிக்கிறது. பள்ளி வராண்டாவில் யாரோடு நடக்கிறோம் என்பதற்கு ஒரு விலை உண்டு என்று அவளுக்குத் தெரியும். அதைத் தர அவள் தயாராக இல்லை.

இவ்வளவு நேர்மையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் படம் நழுவிவிடுகிறது. கிளேர் அலிசனின் முகத்தைத் திருத்தி, தலைமுடியை ஒதுக்கி விடுகிறாள். அப்புறம்தான் ஆண்ட்ரூ அவளைச் சரியாகப் பார்க்கிறான். பேசாத பெண் மேலே ஏறிவர, கிளேரைப் போல ஆக வேண்டியிருக்கிறது. நாள் முழுக்கத் தன்னைக் குத்திக்கொண்டே இருந்த பென்டருக்குக் கிளேர் தன் காதுத்தோட்டைக் கொடுக்கிறாள். இரண்டு ஜோடி சேர்ந்தாச்சு. பிரையன்?

அவன் ஐந்து பேருக்குமான கட்டுரையை எழுதுகிறான். 'எங்களை வகை பிரிக்காதீர்கள்' என்று சொல்லும் அந்தக் கட்டுரையை எழுதும் வேலையே, படிப்பாளி என்ற வகைக்காகத்தான் அவன் தலையில் விழுகிறது. பென்டர் முஷ்டியை உயர்த்த, படம் சனிக்கிழமையிலேயே உறைந்து நிற்கிறது. கேள்வியைக் கேட்டவனுக்கு மட்டும் பதில் சொல்ல யாரும் மிச்சமில்லை. அவன் அப்பாவின் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டான்.