தந்தையின் கதையை மகள் எழுதினால்

அரசுகள் சரிவதை வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். அவ்வேளையில் வீட்டிலிருந்த தந்தை என்ன ஆனார் என்பதை எழுதுபவர் யார்?

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது நம்மவரிடையே கொள்கை விவாதங்கள் பெருகின. அவை தேவையானவையே. ஆனால் 1988இல் ஆர்மீனியாவை உலுக்கிய நிலநடுக்கமும், பின்வந்த போரும் முற்றுகையும், மின்சாரமற்ற குளிர்காலங்களும் அவ்விவாதங்களில் இடம்பெற்றது அரிது. ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் 2013இல் வெளியிட்ட நூல் இக்குறையை ஓரளவு தீர்த்தது. அஸர்பைஜானியரை மணந்த பாக்கு நகரத்து ஆர்மீனியப் பெண் ஒருத்தி, தான் பட்ட பாட்டை அதில் கூறுகிறாள். ஒரு குடும்பத்தின் கதையில் ஒரு பேரரசின் முடிவு புலப்படுகிறது.

மகள் தந்தையை எழுதுவது தமிழுக்குப் புதிதன்று. தம் தந்தையைப் பற்றிச் சகுந்தலா பாரதி எழுதிய நூலில், மேடையில் முழங்கிய பாரதியைவிடப் புதுவை இல்லத்துப் பாரதியே நம் நெஞ்சில் நிற்கிறார். அன்பு கண்ணை மறைக்கும் என்பர். அன்பின்றிக் காணவியலாதனவும் உள.

இனி மலையகத்துக்கு வருவோம். சாரல் நாடன் 1988இல் வெளியிட்ட 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' நம் நன்றிக்குரிய நூல். அட்டனைக் களமாகக் கொண்டு தொழிற்சங்கம் கட்டிய முன்னோடியை அது மறதியிலிருந்து மீட்டது. ஆயினும் தலைவர் வரலாறு என்னும் வடிவத்திற்கு ஓர் எல்லையுண்டு. அதில் தோட்டத் தொழிலாளி கூட்டமாகவே வருகிறான். தனி மனிதனாக வருவதில்லை. மேடைகளில் பாடியும், 1940இல் பாடல் நூல் வெளியிட்டும் போராடிய மீனாட்சியம்மாள் போன்றோரும் துணைவியராகவே நின்றுவிட நேர்கிறது. இது ஆசிரியரின் குறையன்று, வடிவத்தின் குறை. சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மாந்தரைச் சித்திரித்து இவ்வெல்லையைத் தாண்ட முயன்றார். அவ்வழியில் மேலும் செல்ல வேண்டியவள் தொழிலாளியின் மகளே.

அவள் எழுத என்ன இருக்கிறது? 1947இல் தேர்தலில் வாக்களித்த தந்தை, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானார். சோவியத் குடிமகனுக்கு நாடு மறைந்தது. இவருக்கோ நாடு அங்கேயே இருக்க, உரிமை மட்டும் மறைந்தது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1,50,000 பேரின் கதி பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விடப்பட்டது. அண்ணன் நீலகிரியில், தம்பி நுவரெலியாவில் எனக் குடும்பங்கள் பிளந்தன. எஞ்சியோருக்கு வழி திறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. இந்த எண்கள் பாடநூலில் உண்டு. பெயர் அழைக்கப்படும் நாளுக்காகப் பெட்டியைக் கட்டி வைத்துக் காத்திருந்த தந்தையின் முகம் பாடநூலில் இல்லை.

ஆனால் கண்ணீர் மட்டும் வாழ்க்கை வரலாறு ஆகாது. கொழுந்து பறித்த மனைவியின் சம்பளத்தைக் கணவன் கைநீட்டி வாங்கிய வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. துரைக்கும் கங்காணிக்கும் முன் குனிந்து நின்ற மனிதர் லயத்தில் அதிகாரியாக நின்றதும் உண்டு. இதை மகள் மறைத்தால் நூல் பொய்யாகும். இதை மட்டுமே எழுதினாலும் பொய்யாகும். ஒடுக்கப்பட்டவனைத் தெய்வமாக்குவது முற்போக்கு இலக்கியத்தின் பணியன்று. அவனை ஒடுக்கிய அமைப்பு அவன் வீட்டிற்குள்ளும் எவ்வாறு புகுந்தது என்பதைக் காட்டுவதே அதன் பணி. அதை உள்ளிருந்து கண்டவள் மகள்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யத்தக்கது பெரிதன்று, ஆனால் அவசரமானது. 1948ஐ நினைவில் வைத்திருப்போர் அருகிவிட்டனர். குடியுரிமை விண்ணப்பங்களும் பழைய கடிதங்களும் லயங்களின் தகரப் பெட்டிகளில் மக்கிவருகின்றன. பரீட்சைக் கட்டுரைக்குத் தலைவர் பெயர்களை மனனம் செய்விக்கும் நாம், "உன் பாட்டனாருக்கு எந்த ஆண்டில் குடியுரிமை கிடைத்தது? அதுவரை உன் பாட்டி என்ன செய்தார்?" என்றும் மாணவியரிடம் கேட்போம். அவர்கள் வீட்டில் விசாரித்து எழுதி வரும் இரண்டு பக்கங்களிலிருந்தே நாம் எதிர்பார்க்கும் நூல் தொடங்கும்.