கதவைச் சாத்திவிட்டுக் கூவினால்...

ஒரு விளையாட்டை எப்படி விற்கக் கூடாது என்று யாராவது பாடப்புத்தகம் எழுதினால், அதில் பாதி அத்தியாயத்தை என்.எச்.எல்.காரர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நேஷனல் ஹாக்கி லீக். ஹாக்கி என்றதும் தயான்சந்த், தன்ராஜ் பிள்ளை என்று போய்விடாதீர்கள். இது ஐஸ் ஹாக்கி. காலில் கத்தி பொருத்திய ஷூ மாட்டிக்கொண்டு, பனித்தரையில் சறுக்கியபடி, ஒரு கறுப்பு ரப்பர் வட்டைத் துரத்துகிற ஆட்டம். கனடாவில் சனிக்கிழமை ராத்திரி என்றாலே இதுதான். அமெரிக்காவில் மட்டும் வெகுகாலமாக நாலாவது பிள்ளை. ஃபுட்பால், பேஸ்கட்பால், பேஸ்பால் மூன்றும் சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சமிருந்தால் இதற்குப் பரிமாறுவார்கள்.

ஆட்டம் மோசமா? இல்லவே இல்லை. நேரில் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது, இவ்வளவு வேகமான அணி விளையாட்டு வேறு கிடையாது என்பதுதான். சிக்கல் டி.வி.யில். அந்த வட்டுக்குப் பெயர் பக். 3 அங்குல விட்டம், 1 அங்குல தடிமன். கருகிப்போன மசால்வடை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அது மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்போது பழைய டி.வி. பெட்டியில் எங்கே தெரியப் போகிறது? கோல் விழுந்தது, விளக்கு எரிந்தபிறகுதான் வீட்டில் இருப்பவருக்குத் தெரியும்.

இன்னொரு சங்கடம். விளம்பரக்காரர்களுக்கு முகம் வேண்டும். இந்த ஆட்டத்தில் முகம் ஹெல்மெட்டுக்குள். அதோடு ஒரு ஆட்டக்காரர் ஒரே மூச்சில் முக்கால் நிமிடம்தான் ஆடுவார். மூச்சு வாங்கியதும் வெளியே போய் உட்கார்ந்துவிட, அடுத்தவர் குதிப்பார். பெரிய நட்சத்திரம்கூட 60 நிமிட ஆட்டத்தில் 20 நிமிடம், கொஞ்சம் கூடுதலாக ஆடினால் அதிகம். மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஹீரோ பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற சினிமாவை நீங்கள் எப்படி விற்பீர்கள்?

ஆனாலும் விற்க முடிந்தது. 1988 ஆகஸ்ட் 9-ம் தேதி, வேய்ன் கிரெட்ஸ்கியை எட்மன்டன் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்துவிட்டது. பண்டமாற்றில் ஆட்கள் போக 15 மில்லியன் டாலர் ரொக்கம். கிரெட்ஸ்கி பத்திரிகையாளர்கள் முன்னால் அழுதார். கனடாவில் ஒரு எம்.பி., அரசாங்கமே தலையிட்டு இதைத் தடுக்க வேண்டும் என்று குரல் எழுப்பினார். ஆனால் ஹாலிவுட்காரர்கள் வெயிலிலிருந்து வந்து குளிரில் உட்கார்ந்து பக் பார்க்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். 1991-ல் சான் ஹோசேக்கு ஒரு அணி. 1993-ல் அனஹைமில் டிஸ்னி கம்பெனி, தான் எடுத்த சினிமாவின் பெயரையே சூட்டி ஒரு அணி. 1994-ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் 54 வருடம் கழித்துக் கோப்பையை வென்றது. 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை, ஹாக்கி சூடுபிடித்துவிட்டது, பேஸ்கட்பால் ஆறிப்போய்விட்டது என்று அட்டையிலேயே போட்டது.

அடுப்பு நன்றாக எரிகிறது. இப்போது என்ன செய்ய வேண்டும்? தோசை வார்க்க வேண்டும். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கடையை இழுத்து மூடினார்கள்.

நம் ஊரில் மில், தொழிற்சாலை வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தைகள் நன்றாகத் தெரியும். வேலைநிறுத்தம், கதவடைப்பு. முதலாவது தொழிலாளி செய்வது, இரண்டாவது முதலாளி செய்வது. அந்த அட்டைப்படம் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. 1994 அக்டோபரில் அணி முதலாளிகள் கதவடைப்பு செய்தார்கள். ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்குக் கடிவாளம் போடணும் என்பது கோரிக்கை. 84 ஆட்டங்களாக இருக்க வேண்டிய சீசன் 48 ஆகச் சுருங்கியது. லீகின் தலைமை கமிஷனர் கேரி பெட்மன். 1993-ல் பேஸ்கட்பால் லீகிலிருந்து அழைத்து வரப்பட்டவர். விற்கத் தெரிந்தவர் என்றுதான் அழைத்து வந்தார்கள்.

அடுத்தது ஃபாக்ஸ் டி.வி.யின் வைபவம். 1996-ல், பக் தெரியவில்லை என்ற புகாருக்கு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். பக்கை இரண்டாக அறுத்து, உள்ளே சர்க்யூட்டும் அகச்சிவப்புக் கதிர் விடும் பொருள்களும் வைத்து ஒட்டி, அரங்கம் முழுக்க சென்சார் மாட்டி, கம்ப்யூட்டர் மூலம் திரையில் பக்கைச் சுற்றி நீல ஒளிவட்டம் போட்டார்கள். மணிக்கு 70 மைலுக்கு மேல் போனால் பின்னால் சிவப்பு வால். தூர்தர்ஷன் மகாபாரதத்தில் அம்புகள் பறக்குமே, ஏறக்குறைய அந்த ரகம். கனடாக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். 1998-ல் ஒளிவட்டம் அணைந்தது.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லணும். தொழில்நுட்பம் தோற்கவில்லை. அதைச் செய்த குழுவினரில் சிலர் தனிக் கம்பெனி தொடங்கி, அமெரிக்க ஃபுட்பால் ஒளிபரப்பில் மைதானத்தின் குறுக்கே தெரிகிற மஞ்சள் கோட்டைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அந்தக் கோடு இல்லாமல் அமெரிக்கர்களால் ஆட்டம் பார்க்க முடியாது. மஞ்சள் கோடு, பார்க்கிறவருக்குத் தேவையான ஒன்றைச் சொன்னது. நீல வட்டமோ, 'உனக்கு இந்த ஆட்டம் புரியாது, பாவம்' என்று சொன்னது. வாடிக்கையாளரை மக்கு என்று நினைத்துச் செய்கிற விளம்பரம் எந்த ஊரிலும் எடுபடாது.

ஆட்டமும் கொஞ்சம் காலை வாரியது. 80-களின் தொடக்கத்தில் ஒரு ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து சராசரியாக 8 கோல். 2003-04 சீசனில் அது 5-ஐச் சற்றுத் தாண்டியதோடு சரி. நடு மைதானத்தில் வலை விரித்து எதிராளியை முடக்கிப்போடுகிற உத்தி பரவியிருந்தது. ஜெயிக்க நல்ல வழி. பார்க்கத் தூக்கம் வரும்.

இந்த நிலைமையில்தான் 2004-ல் மறுபடி கதவடைப்பு. இந்த முறை அரைகுறையாக இல்லை. 2005 பிப்ரவரி 16-ம் தேதி முழு சீசனும் ரத்து என்று பெட்மன் அறிவித்தார். மொத்தம் 1,230 ஆட்டங்கள். தொழில் தகராறால் ஒரு சீசனையே தொலைத்த முதல் பெரிய வட அமெரிக்க லீக் என்ற பெயர் கிடைத்தது. முதலாளிகள் கேட்ட சம்பள உச்சவரம்பும் கிடைத்தது. ஆனால் ஈ.எஸ்.பி.என்., அடுத்த சீசனுக்கு 60 மில்லியன் டாலர் கொடுத்து உரிமையை நீட்டிக்க விரும்பவில்லை, வேண்டாம் என்று விலகிக்கொண்டது. என்.பி.சி.யோடு போட்டிருந்த ஒப்பந்தத்தில் முன்பணமே கிடையாது, விளம்பரம் வந்தால் பங்கு. கேபிளில் கிடைத்த இடம் ஓ.எல்.என். என்ற சேனல். அதில் அதுவரை என்ன ஓடிக்கொண்டிருந்தது? சைக்கிள் பந்தயம், வேட்டை, மீன்பிடித்தல், காளைச் சவாரி. உலகத்தின் தலைசிறந்த பனி ஹாக்கி, மீன் தூண்டிலுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் துண்டு போட்டு இடம்பிடிக்க வேண்டியதாயிற்று.

திரும்பி வந்தபோது விதிகளை மாற்றினார்கள். நீண்ட பாஸ்களுக்கு இருந்த தடையை எடுத்தார்கள், கோல்கள் 6-க்கு மேல் ஏறின. நல்ல காரியம். சரி, பாடம் படித்துவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? 2012-ல் மூன்றாவது கதவடைப்பு. மறுபடி 48 ஆட்ட சீசன். மூன்றுக்கும் அதே கமிஷனர்.

பெட்மனை வைகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் குற்றம் வேறு. பனியே விழாத ஊர்களுக்கு அணிகளைக் கொண்டுபோனார் என்பார்கள். க்யூபெக் அணி 1995-ல் டென்வருக்குப் போனது. வினிபெக் அணி 1996-ல் அரிசோனா பாலைவனத்துக்கு. ஹார்ட்ஃபோர்ட் அணி 1997-ல் நார்த் கரோலினாவுக்கு. கனடிய அணிகளுக்கு ஒரு நிஜமான கஷ்டம் இருந்தது. டிக்கெட் பணம் கனடா டாலரில் வரும், சம்பளம் அமெரிக்க டாலரில் போகும். கனடா டாலர் சரியச் சரிய, அரங்கம் நிறைந்தாலும் நஷ்டம். வினிபெக்கில் அணியைக் காப்பாற்ற ஜனங்கள் தெருவில் திரண்டு, நன்கொடை வசூலித்துப் பார்த்தார்கள். நடக்கவில்லை. க்யூபெக்காரர்களின் நிலைமை இன்னும் மோசம். ஊரை விட்டுப் போன அணி, அடுத்த வருடமே டென்வரில் கோப்பையை ஜெயித்தது. எரிகிற புண்ணில் மிளகாய்ப் பொடி!

வெயில் ஊர் விஷயத்தில் மட்டும் பெட்மன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. டம்பா, டல்லஸ், லாஸ் வேகாஸ் எல்லாம் ஜெயித்த ஊர்கள். ஃபுளோரிடா பாந்தர்ஸ் 2024, 2025 இரண்டு வருடமும் கோப்பை வாங்கியது. இரண்டு தடவையும் தோற்றது கிரெட்ஸ்கியின் பழைய எட்மன்டன்! 1993-ல் மான்ட்ரியால் வென்றதற்குப் பிறகு 2025 வரை ஒரு கனடிய அணிகூடக் கோப்பையைத் தொடவில்லை.

அரிசோனா மட்டும் இடறிக்கொண்டே இருந்தது. 2009-ல் திவால். பிளாக்பெர்ரி போன்காரர்களில் ஒருவரான ஜிம் பால்சிலி, வாங்கிக் கனடாவுக்கே கொண்டுபோகிறேன் என்றார். லீக் கோர்ட்டில் சண்டை போட்டுத் தடுத்து, தானே வாங்கிக்கொண்டது. 2022-ல் அந்த அணி, 5,000 பேர்கூட உட்கார முடியாத கல்லூரி அரங்கத்தில் ஒண்டுக்குடித்தனம் போனது. 2024-ல் சால்ட் லேக் சிட்டிக்கு மூட்டை கட்டியது. ஆனால் அந்தப் பாலைவனத்தில் சின்ன வயதில் அந்த அணியைப் பார்த்து வளர்ந்த பையன்தான் ஆஸ்டன் மேத்யூஸ். 2016-ல் ஆள் எடுப்பில் முதல் இடம், 2023-24-ல் ஒரே சீசனில் 69 கோல். எங்கே விதைத்தால் எங்கே முளைக்கும் என்று யார் கண்டது? ஆகவே பாலைவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலில்கூட வாடிக்கையாளர் வருவார். பூட்டிய கடைக்குத்தான் வர மாட்டார்.

எது எடுபட்டது என்று பாருங்கள். 2008 ஜனவரி 1, பஃபலோ நகரம். ஃபுட்பால் மைதானத்தில் பனித்தரை போட்டு, திறந்த வானத்தின் கீழே ஆட்டம். நிஜமாகவே பனி கொட்டியது. 71,217 பேர் நடுங்கிக்கொண்டே பார்த்தார்கள். சிட்னி கிராஸ்பி கடைசி கோலைப் போட்டார். அது வருடாந்திரத் திருவிழாவாகிவிட்டது. எந்த ஒளிவட்டமும் இல்லை. ஆட்டம் பிறந்த இடத்துக்கே ஆட்டத்தைக் கூட்டிப்போனார்கள், அவ்வளவுதான்.

அதே 2008-ல் கனடாவில் பஞ்சாபி மொழியில் ஹாக்கி வர்ணனை தொடங்கியது. தலைப்பாகை கட்டிய ஹர்நாராயண் சிங், 2016 இறுதிச் சுற்றில் நிக் போனினோ கோல் போட்டதும் மூச்சு விடாமல் 'போனினோ, போனினோ, போனினோ' என்று கத்தியது உலகம் முழுக்கப் பரவியது. பிட்ஸ்பர்க்காரர்கள் வெற்றி விழாவுக்கே அவரை அழைத்தார்கள். தாத்தா பாட்டியும் பேரனும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்க வழி செய்ததை எந்த விளம்பரக் கம்பெனியும் செய்திருக்க முடியாது.

2025 பிப்ரவரியில் நாலு நாடுகள் போட்டி. அமெரிக்க அதிபர் டிரம்ப் கனடாவை 51-வது மாநிலம் என்று கிண்டலடித்து, வரி போடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்த நேரம். மான்ட்ரியாலில் இரண்டு நாடும் மோதியபோது முதல் 9 விநாடியில் மூன்று குஸ்தி. பாஸ்டனில் நடந்த இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் மட்டும் 9.3 மில்லியன் பேர் பார்த்தார்கள். கூடுதல் நேரத்தில் கானர் மெக்டேவிட் அடித்து, கனடா 3-2. அரசியல்தான் கூட்டம் சேர்த்தது என்று சொல்லலாம், மறுக்கவில்லை. ஆனால் வந்த கூட்டம் எழுந்து போகாமல் உட்கார்ந்தது ஆட்டத்துக்காக.

இன்றைக்கு லீகுக்குப் பணம் இருக்கிறது. ஈ.எஸ்.பி.என். 2021-ல் திரும்பி வந்தது. கனடாவில் ரோஜர்ஸ் கம்பெனி 12 வருடத்துக்கு 11 பில்லியன் கனடா டாலர் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. கணக்கு நேராகிவிட்டது என்பார்கள். கணக்கில் வராதவர்கள் சிலர் இருக்கிறார்கள். வினிபெக்குக்கு 2011-ல் வேறொரு அணி வந்தபோது, சீசன் டிக்கெட்டின் பொது விற்பனை சில நிமிடங்களில் முடிந்தது. 15 வருடம் காத்திருந்த பசி அது. க்யூபெக் நகரம் 2015-ல், அணி வரும் என்ற நம்பிக்கையில் 18,000 பேர் உட்காரும் அரங்கத்தைக் கட்டி முடித்தது. பத்து வருடம் கழித்தும் என்.எச்.எல். அணி வரவில்லை. ஹார்ட்ஃபோர்டின் பச்சைச் சட்டையை, அந்த அணியைக் கொண்டுபோன கரோலினாக்காரர்களே சில நாட்களில் பழைய நினைவு என்று போட்டு ஆடுகிறார்கள். சட்டை நன்றாக விற்கிறதாம். அணியைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு, அந்த ஊரின் ஏக்கத்தையும் விலைபோட்டு விற்கிற சாமர்த்தியத்துக்கு என்ன பெயர் சொல்வது?

நீங்கள் இதுவரை ஐஸ் ஹாக்கி பார்த்ததில்லை என்றால், இன்டர்நெட்டில் அந்த 2025 பாஸ்டன் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் பக் கண்ணுக்குத் தெரியாது, பயப்படாதீர்கள். ஆட்டக்காரர்களின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் கவனியுங்கள். பக் அங்கேதான் இருக்கும்.