இரண்டு குடைக்கு நடுவில் ஒரு முகம்

உங்கள் வீட்டு ஆல்பத்தில் ஸ்டூடியோவில் எடுத்த படம் இருந்தால், பூதக்கண்ணாடி வைத்துக் கருவிழியைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு குட்டி வெள்ளைக் குடைகள் தெரியும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பரிபூரண சமத்துவம்!

நம் ஊர் போர்ட்ரெய்ட்டுகளின் வியாதியே இந்தச் சமத்துவம்தான். இரண்டு ஃப்ளாஷையும் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில், ஒரே பவரில் வைத்தால், ஒரு குடை போடும் நிழலை மற்றது அழித்துவிடும். மூக்கு தட்டையாகும், கன்னத்தின் பள்ளம் காணாமல் போகும். பாஸ்போர்ட்டுக்கு இது சரி. அங்கே அடையாளம் போதும். பாட்டியையும் அப்படியே எடுப்பதுதான் அநியாயம். 80 வருஷம் வாழ்ந்து சம்பாதித்த சுருக்கங்களை ஒரு நொடியில் இஸ்திரி போட்டுவிடுகிறார்கள்.

குடை மேல் தப்பில்லை. சின்ன பல்பின் வெளிச்சத்தைப் பெரிதாக விரித்துத் தருவது அதன் வேலை. வெளிச்சம் வரும் பரப்பு பெரிதானால் நிழலின் ஓரம் மெத்தென்று இருக்கும். எனவே குடை முகத்துக்குக் கிட்டே வரவேண்டும். நம்மவர்கள் அதைச் சுவரோரம் ஒதுக்கிவிடுகிறார்கள். தள்ளிப்போன குடை சின்னக் குடைக்குச் சமம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சமும் கால்வாசிதான்.

ஒரே ஒரு குடையை 45 டிகிரி பக்கவாட்டில், கண்ணுக்குச் சற்று மேலே வைத்துப் பாருங்கள். நிழல் பக்கக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முக்கோணம் ஒளிரும். ரெம்ப்ராண்ட் லைட்டிங் என்பார்கள். அவர் 17-ம் நூற்றாண்டு ஓவியர். கரன்ட் இல்லாமலே சமாளித்தார். நிழல் ரொம்பக் கறுத்தால் எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டை போதும்.

விளக்கு வைக்கும் இடம் வெறும் டெக்னிக் அல்ல. எடுக்கப்படும் ஆளைப் பற்றிய அபிப்பிராயம்.

1963-ல் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆர்னால்ட் நியூமன், ஜெர்மன் ஆலை அதிபர் ஆல்ஃப்ரீட் க்ரூப்பை எஸ்ஸென் நகரத் தொழிற்சாலையில் படம் எடுத்தார். யுத்தகாலத்தில் அடிமைத் தொழிலாளர்களை வேலை வாங்கியதற்காக 1948-ல் 12 வருஷ தண்டனை பெற்று, 1951-லேயே விடுதலையானவர் க்ரூப். நியூமன் யூதர். அவர் வைத்ததும் இரண்டு பக்கமும் விளக்குதான். ஆனால் முகத்துக்கு எதிரே அல்ல, ஓரங்களில். ஆசாமியைக் கொஞ்சம் முன்னால் சாயச் சொன்னார். கன்னங்கள் எரிய, நடுமுகம் இருண்டு, கோத்த கைகளுக்கு மேல் ஓர் அரக்கன் வந்து உட்கார்ந்துகொண்டான். வழக்கு முடிந்து 15 வருஷம் கழித்து இன்னொரு தீர்ப்பு!

விளக்கை நகர்த்தி ஒருவரைத் தண்டிக்க முடியுமென்றால், மரியாதையும் செய்யலாமே? செய்வதில்லை. காரணம், கலர். 'கொஞ்சம் பளிச்சுனு வர்ற மாதிரி எடுங்கண்ணே' என்பதுதான் கஸ்டமர் சொல்லும் ஒரே டெக்னிக்கல் யோசனை. கல்யாணப் பெண்ணின் மேல் இரண்டு பக்கமும் வெளிச்சத்தை ஊற்றி, போதாததற்குக் கம்ப்யூட்டரிலும் வெளுக்கிறார்கள். இப்போது பல செல்போன்கள் கேட்காமலே வெளுத்துத் தருகின்றன.

கறுத்த சருமத்தின் வடிவம் நிழலைவிட மினுமினுப்பில்தான் தெரியும். பக்கவாட்டில் வரும் பெரிய, மெத்தென்ற வெளிச்சம் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வழுக்கிக்கொண்டு போகும். பிராகாரத்துக் கருங்கல் சிலையில் சாயங்கால வெயில் செய்கிற வேலை. சிலையை யாரும் வெளுக்கச் சொல்வதில்லை; வீட்டுப் பெண்ணை மட்டும் சொல்கிறோம்.

அடுத்த முறை ஸ்டூடியோவுக்குப் போகும்போது, 'அண்ணே, ஒரு குடையை அணைச்சுட்டு இன்னொண்ணைக் கிட்ட கொண்டாங்க' என்று சொல்லிப் பாருங்கள். முறைப்பார். பரவாயில்லை. படத்தில் உங்கள் மகள் உங்கள் மகளாகவே இருப்பாள்.